மருந்துக்குக் குடித்த காப்பி

விடியற்காலையில் அடுப்பு வெளிச்சத்துக்கு நேராக ஊசிக்குழலைத் தூக்கிப் பிடித்து மருந்தை இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் சம்பங்கிக்கு அந்த யோசனை வந்தது. போகிற இடம் மாப்பிள்ளை வீடு. பாயசம் இல்லாமல் இருக்காது. போளி மாதிரி ஒப்பட்டு தட்டினாலும் தட்டியிருப்பார்கள். மாமியார் பூவம்மாள் இனிப்பைக் கண்டால் விடுகிறவள் அல்ல. நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருக்கிறவளின் கையைப் பிடித்துத் தடுக்கவும் முடியாது. அதனால் வழக்கமான கோட்டில் நிறுத்தாமல், இன்னும் இரண்டு கோடு தள்ளி நிறுத்தினாள்.

சரிதானா என்று யோசித்தாள். சரி என்றே பட்டது. வரப்போகிற இனிப்புக்கு முன்கூட்டியே ஒரு தடுப்பு, அவ்வளவுதான். எதையும் இரண்டு தரம் யோசித்துச் செய்கிறவள் அவள். செய்த பிறகு மூன்றாவது தரமும் யோசிப்பாள். அன்றைக்கு மூன்றாவது தரத்துக்கு நேரமில்லை. பர்கூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

"களி இவ்ளோதானா?" தட்டைப் பார்த்துக் கேட்டாள் பூவம்மாள். எலுமிச்சங்காய் அளவுக்கு ஓர் உருண்டை இருந்தது.

"போற எடத்துல சாப்பிடப் போறீங்க அத்தே. வயித்துல எடம் வேணாமா?"

"காப்பி?"

"இந்தாங்க."

ஒரு வாய் குடித்துவிட்டுப் பூவம்மாள் முகத்தைச் சுளித்தாள். "வேப்பங்கொழுந்த அரைச்சுக் கரைச்சாப்ல இருக்குது. வெல்லத்த வெச்சுப் பூட்டறவளுக்கு மருமகள்னு பேரு."

ஐந்தாறு மாதமாக அந்த வீட்டில் தினமும் நடக்கிற சண்டை இது. பூவம்மாளுக்குக் காப்பி என்றால் உயிர். பெங்களூரில் வேலைக்குப் போன மகன், அதாவது சம்பங்கியின் புருஷன், ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மாவுக்குக் காப்பித்தூள் வாங்கிவருவான். அச்சுவெல்லத்தைப் பாதியாக உடைத்துப் போட்டு, செம்பு நிறையக் கலந்து, பொழுதுக்கும் குடிப்பாள். பிறகு திடீரென்று உடம்பு இளைத்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. இரவெல்லாம் எழுந்து எழுந்து கொல்லைக்குப் போனாள். அவள் போய்வந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை முதலில் பார்த்தது சம்பங்கிதான்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் நர்ஸ் மேரிராணி ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, பூவம்மாளின் மூத்திரத்தைச் சில சொட்டு விட்டுக் கொதிக்கவைத்தாள். நீலம் பச்சையானது, மஞ்சளானது, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"சர்க்கரை வியாதி" என்றாள் மேரிராணி.

"அப்ப காப்பி குடிக்கக் கூடாதா?" பூவம்மாள் கேட்ட விதத்தில், வியாதியைவிட அதுதான் பெரிய தண்டனை போலிருந்தது.

"காப்பி குடிங்கம்மா, யாரு வேணாங்கிறது? வெல்லத்த விடுங்க. காப்பி உங்கள ஒண்ணும் பண்ணல. அதுல நீங்க போடறதுதான் பண்ணுது."

ஊசி போடுவதற்குச் சம்பங்கியைப் பழக்கினார்கள். கண்ணாடிக் குழலை வெந்நீரில் போட்டு எடுப்பது, தொடையில் சதையைப் பிடித்துக் குத்துவது, மருந்துக் குப்பியை ஈரமணல் சட்டியில் புதைத்து வைப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்கள். அன்றைக்கு மேரிராணி இன்னொன்றும் சொன்னாள். "ஊசி போட்டா நேரத்துக்குச் சாப்பிட்டாகணும். சாப்பிடலன்னா சர்க்கரை கீழ எறங்கிடும். வேர்க்கும், நடுங்கும், பேச்சு தாறுமாறா வரும். அப்ப ஒடனே இனிப்பு குடுக்கணும். விட்டா உயிருக்கே ஆபத்து." குழல் கைநழுவி உடைந்துவிடுமோ என்ற பயத்தில் அதையே பார்த்துக்கொண்டு நின்ற சம்பங்கி, தலையை மட்டும் ஆட்டினாள்.

வியாதி விஷயம் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பது மாமனார் சென்னகிருஷ்ணனின் உத்தரவு. வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள். தாய்க்கு இருக்கிற வியாதி மகளுக்கும் வரும் என்று நாலு பேர் பேசினால் ராஜாத்தியை யார் கட்டுவார்கள்? பஸ்ஸில் ஏறியபிறகும் அவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்து, "அங்க போயி யாரும் வியாதி, ஊசின்னு வாயத் தொறக்கக் கூடாது. தெரிஞ்சுதா?" என்றார். சம்பங்கி தலையாட்டினாள். பூவம்மாள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜாத்தி கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கி வாத்தியார் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. மாப்பிள்ளை திம்மராயன் ராயக்கோட்டை தபாலாபீஸில் குமாஸ்தா. பையனைப் பற்றி ராஜாத்திக்கு ஒரு குறையும் இல்லை. "படிப்பு மட்டும் முடிஞ்சிடட்டும்மா" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். "நான் இருக்கிறப்ப உன் படிப்ப யாரு நிறுத்துவா? அதுக்கு ஒத்துக்கற வரைக்கும் அங்க கை நனைக்க மாட்டேன்" என்று பூவம்மாள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஊசி போட்டுக்கொண்ட முதல் நாள் அவள் சம்பங்கியிடம் சொன்னாள்: "நான் எத்தன நாளைக்கோ. அவ கையில ஒரு உத்தியோகம் இருந்தா எனக்கு நிம்மதி." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, உத்தனப்பள்ளியில் இறங்கும்போது வெயில் ஏறியிருந்தும் காற்று சில்லென்றுதான் இருந்தது. கார்த்திகைக் குளிர். நயா பைசா வந்த வருஷம் அது. கண்டக்டரும் சென்னகிருஷ்ணனும் சில்லறைக்காக வழியெல்லாம் வாக்குவாதம் செய்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா முனியப்பன் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். அம்மா சரோஜம்மாள் முட்டிக்காலைப் பிடித்தபடி கூடத்தில் பாய் விரித்தாள். பருத்த உடம்பு, நடக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரத்தில் அவளே உள்ளே போய்ப் பித்தளைத் தட்டில் மூன்று தம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெல்லக்கட்டிகள். அந்தப் பக்கத்தில் சில வீடுகளில் வெல்லத்தைக் காப்பியில் கரைப்பதில்லை, கடித்துக்கொண்டே குடிப்பார்கள்.

"எடுத்துக்கங்க. காபி தகள்ளி" என்றாள். பாதி தமிழ், பாதி கன்னடம். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான்.

"ஆவட்டும்மா, பேச்ச முடிச்சுட்டுக் குடிக்கலாம்" என்றார் சென்னகிருஷ்ணன்.

பெண் வீட்டார் பேச்சு முடியாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பதில்லை. தண்ணீர் குடிக்கலாம். காப்பி குடித்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சுக்கு இடமில்லை. சம்பங்கிக்கு இது தெரியாததல்ல. ஆனால் தரகர் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். தேதி ஒன்றுதான் பாக்கி, அரை மணியில் இலை போட்டுவிடுவார்கள் என்று நம்பித்தான் அவள் காலையில் களியைக் குறைத்தாள், மருந்தைக் கூட்டினாள்.

"தை பொறந்ததும் மொத முகூர்த்தத்துல வச்சுக்கலாம்" என்றார் முனியப்பன்.

சென்னகிருஷ்ணன் நிமிர்ந்தார். "தரகர் அப்படிச் சொல்லலீங்களே. பொண்ணு படிப்பு முடிஞ்சு, அடுத்த வருசம் கார்த்திகைன்னு சொன்னாரு."

"அடுத்த கார்த்திகை வரைக்கும் என் முட்டி தாங்குமா?" சரோஜம்மாள் காலை நீட்டி உட்கார்ந்தாள். "பாருங்க, இந்தக் காலோட நாந்தான் காப்பி எடுத்துட்டு வந்தேன். வேற ஒரு பொம்பள இல்ல இந்த வீட்ல."

"ஒரு வருசந்தானேம்மா" என்றாள் பூவம்மாள். "கண்ண மூடித் தொறந்தா ஓடிப்போயிரும்."

"எனக்கு மருமக வேணும், வாத்தியாரம்மா வேணாம். இந்த வீட்ல பாடம் கேக்கறதுக்கு யாரு இருக்கா? மாடு நாலு இருக்குது. அதுங்களுக்கு அ, ஆ வராது."

முனியப்பன் சிரித்தார். சென்னகிருஷ்ணனும் மரியாதைக்குச் சிரித்தார். பூவம்மாள் சிரிக்கவில்லை. "மாட்டுக்கு வராது. நாளைக்குப் பொறக்கிற பேரப்பிள்ளைக்கு வருமே" என்றாள்.

பேச்சு அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. சென்னகிருஷ்ணனுக்கு நல்ல இடம் போய்விடுமே என்ற கவலை. "எப்படியாவது பாக்கலாங்க, பாக்கலாங்க" என்று இழுத்தார். பூவம்மாள் மட்டும் அசையவில்லை. காப்பியில் ஆடை படிந்தது. சரோஜம்மாள் தட்டை எடுத்துப்போய்ப் புதிதாகக் கலந்து கொண்டுவந்து வைத்தாள். அதுவும் ஆறியது.

சம்பங்கி தம்ளர்களைப் பார்த்தாள். வீட்டிலிருந்து கிளம்பியபோது இருட்டு பிரியவில்லை. இப்போது முற்றத்து வெயில் கூடத்துப் படியைத் தொட்டுவிட்டது. காலையில் தொடையில் குத்திய மருந்து உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். பேச்சு முடியட்டும் என்று காத்திருக்காது. வயிற்றில் என்ன இருக்கிறது? ஓர் எலுமிச்சங்காய்க் களி. அந்த இரண்டு கோடு அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

மாமனாரைப் பார்த்தாள். அவர் முனியப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாரைப் பார்த்தாள். பூவம்மாள் முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள்.

வாசல் வழியே வந்த குளிர்காற்றுக்குச் சரோஜம்மாளே தோளைப் போர்த்தியிருந்தாள். பூவம்மாளுக்கு மட்டும் வியர்த்தது.

"அத்தே, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"எதுக்கு?" என்றாள் பூவம்மாள் வெடுக்கென்று. பிறகு, சம்பந்தமில்லாமல், சிரித்தாள்.

முனியப்பன் பேச்சை நிறுத்தினார். "என்னம்மா சிரிக்கிறீங்க?"

"மாடு" என்றாள் பூவம்மாள். "மாடு பள்ளிக்கூடத்துக்குப் போவுது." மறுபடியும் சிரித்தாள். உதட்டோரம் லேசாகக் கோணியது.

சரோஜம்மாளின் முகம் கறுத்தது. "நான் ஒரு பேச்சுக்குச் சொன்னா, அத வெச்சுக் கேலி பண்றீங்களா? எங்க வீட்டுக்குள்ள உக்காந்துட்டு?"

"இல்லீங்க, இல்லீங்க" என்று பதறினார் சென்னகிருஷ்ணன். மனைவியைத் திரும்பி முறைத்தார். "உனக்கென்ன ஆச்சு?"

அவளுக்கு என்ன ஆச்சு என்று சம்பங்கிக்குத் தெரிந்தது. தெரிந்ததா? அவளுக்கே சந்தேகம் வந்தது. சர்க்கரை ஏறினாலும் ஆள் மயங்கும் என்று யாரோ ஆஸ்பத்திரியில் பேசிக் கேட்டிருக்கிறாள். இது ஏறியதா, இறங்கியதா? ஏறியிருக்கும்போது வெல்லத்தைக் கொடுத்தால் தன் கையாலேயே கொன்ற மாதிரி ஆகிவிடாதா? ஆறு மாதமாகப் பூட்டி வைத்திருந்ததை நாலு பேர் முன்னால் தானே ஊட்டுவதா? மேரிராணி சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக நினைவில் தேடினாள். ஏறினால் நாக்கு வறளும், தாகம் எடுக்கும், ஒன்றிரண்டு நாளில் மெல்ல மெல்ல ஆளை அமுக்கும். இறங்கினால் திடீரென்று. வேர்க்கும், நடுங்கும். அதற்குப் பிறகு ஏதோ ஒன்று சொன்னாளே. குழலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது காதில் விழுந்த ஏதோ ஒன்று.

பூவம்மாளின் கைவிரல்கள் மடியில் கிடந்து நடுங்கின. சம்பங்கி அந்தக் கையைத் தொட்டாள். நனைந்த துணி மாதிரி சில்லிட்டிருந்தது.

"சரி, நான் நேராவே கேட்டுடறேன்" என்றார் முனியப்பன். அவருக்கும் பொறுமை போய்விட்டிருந்தது. "வீட்டுக்காரர் பாக்கலாம் பாக்கலாங்கிறாரு. பொண்ணப் பெத்தவங்க நீங்க சொல்லுங்க. தையில கல்யாணம். படிப்பு இதோட போதும். சம்மதமா இல்லியா?"

பூவம்மாள் அவரைப் பார்த்தாள். கண் அவர்மேல் நிற்கவில்லை.

"ஆவட்டும்" என்றாள்.

சென்னகிருஷ்ணன் மனைவி பக்கம் திரும்பினார். சரோஜம்மாள் கையை ஊன்றி நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க?"

"ஆவட்டும், ஆவட்டும்." தலை ஆடிக்கொண்டே இருந்தது.

"அப்பாடா! இத மொதல்லயே சொல்லியிருந்தா என் காலு இத்தன நட நடந்திருக்குமா?" சரோஜம்மாளின் முகம் மலர்ந்தது. "எடுத்துக்கங்க சம்பந்தி, இப்பவாவது காப்பிய எடுத்துக்கங்க. நல்ல வார்த்த வந்த வாய் இனிக்கட்டும்."

சென்னகிருஷ்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவருடைய தோள் தளர்ந்ததைச் சம்பங்கி பார்த்தாள். அவர் விரும்பியது நடந்துவிட்டது. மனைவியே சொல்லிவிட்டாள், இனி அவர்மேல் பழியில்லை. தம்ளரை நோக்கி அவர் கை நீண்டது.

இப்போது வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். காப்பி உள்ளே போகும், வெல்லம் உள்ளே போகும், மாமியார் பிழைப்பாள். வியாதி வெளியே தெரியாது. கல்யாணம் நடக்கும். ராஜாத்தியின் பெட்டி ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வரும். அம்மாவே சம்மதித்தாள் என்று அவளிடம் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை. எல்லார் காதிலும் விழுந்தது.

இப்படியெல்லாம் யோசித்து நிற்க நேரமில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பூவம்மாள் பக்கவாட்டில் சாய ஆரம்பித்திருந்தாள்.

அந்த நொடியில்தான் மேரிராணியின் குரல் நினைவுக்கு வந்தது. "எதுன்னு தெரியலன்னா இனிப்பையே குடு. கூடிப்போனா ஒரு நாள்ல சாகமாட்டாங்க. கொறஞ்சு போனா காத்திருக்க முடியாது."

சம்பங்கி எழுந்தாள். மாமியாரைத் தோளோடு அணைத்து நிமிர்த்தி, ஒரு தம்ளரை எடுத்து உதட்டில் வைத்தாள். இரண்டு மடக்கு போனபிறகுதான் உறைத்தது: இதில் வெல்லம் இல்லை. ஐந்தாறு மாதமாக அவள் கொடுத்த அதே கசப்பு. கிண்ணத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்துத் தரையில் வைத்துத் தம்ளரின் அடியால் நசுக்கினாள். காப்பி தெறித்தது. பொடிந்த வெல்லத்தை வாரிப் பூவம்மாளின் கன்னத்தின் உள்பக்கம் அழுத்தினாள். மீதியைத் தம்ளரில் போட்டு விரலாலேயே கலக்கினாள்.

"குடிங்க அத்தே. முழுங்குங்க. முழுங்குங்க அத்தே."

"ஏய், என்னடி பண்றே?" என்று கத்தினார் சென்னகிருஷ்ணன்.

"ஏனாயித்து? என்ன ஆச்சு அவங்களுக்கு?" சரோஜம்மாள் நகர்ந்து வந்தாள்.

பூவம்மாளின் தொண்டை அசைந்தது. ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. மோவாய் வழியே வழிந்ததைச் சம்பங்கி தன் முந்தானையால் ஒற்றினாள். அப்படியே, தலையைத் திருப்பாமல், பேசினாள்.

"இவங்க சொன்ன சம்மதம் சம்மதம் இல்லீங்க. இவங்களுக்குச் சர்க்கரை வியாதி. காலையில நான் ஊசி போட்டேன். சாப்பிடாம இருந்ததால சர்க்கரை எறங்கிப் போச்சு. புத்தி நெலையில இல்லாம சொன்னது. இந்தக் காப்பியும் மருந்துக்குக் குடுத்ததுதான். தப்பா எடுத்துக்காதீங்க."

மாட்டுக்கொட்டகையில் மணி ஒன்று அசைந்தது. சென்னகிருஷ்ணன் எடுத்த தம்ளரைக் குடிக்காமல் தட்டில் வைத்தார். மருமகளைப் பார்க்கவில்லை, எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"சர்க்கரை வியாதியா?" என்றாள் சரோஜம்மாள்.

"ஆமாங்க."

"பொண்ணுக்கும் வருமா?"

வராது என்று சொல்லலாம். யாரால் மறுக்க முடியும்? சம்பங்கி மாமியாரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஈரம். "தெரியாதுங்க" என்றாள். "வரலாம், வராமயும் போகலாம்னு சொல்றாங்க."

முனியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். சரோஜம்மாள் இரண்டாவது தம்ளரில் தானே வெல்லத்தை நசுக்கிப் போட்டு, காலியான தம்ளருக்கும் அதற்கும் மாற்றி மாற்றி ஆற்றி, சம்பங்கியின் கையில் கொடுத்தாள். அதுவும் உள்ளே போனது. காத்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வெயில் படியிலிருந்து கூடத்துக்குள் வந்த நேரத்துக்குப் பூவம்மாளின் விரல்கள் அடங்கின. கண் மெல்ல ஓரிடத்தில் நின்றது. தன் சேலையில் சிந்தியிருந்த காப்பிக் கறையைப் பார்த்தாள், வெல்லக் கிண்ணத்தைப் பார்த்தாள், கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் காப்பி குடிச்சனா?" என்றாள்.

"குடிச்சீங்க" என்றாள் சரோஜம்மாள். "மருந்துக்குக் குடிச்சீங்க. அது கை நனைச்ச கணக்குல வராது."

"அவங்களுக்குச் சாப்பாடும் கொஞ்சம் வேணுங்க" என்றாள் சம்பங்கி. கேட்கவே கூச்சமாக இருந்தது. "இல்லன்னா மறுபடியும் எறங்கிடும்."

சரோஜம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு எட்டுக்கும் முகம் சுருங்க உள்ளே போய், ஒரு தட்டில் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டுக் கொண்டுவந்தாள். "சாப்பிடுங்க. வீட்டுக்கு வந்தவங்கள மயக்கத்தோட அனுப்பறது இந்த வீட்டுப் பழக்கம் இல்ல. ஒப்பட்டும் போட்டிருந்தேன். அத வைக்கலாமான்னு தெரியல."

பூவம்மாள் தலைகுனிந்து சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டு முடித்ததும் சரோஜம்மாள் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள். குரலில் கோபம் இல்லை. ஆனால் அது சற்றுமுன் சம்பந்தி என்று கூப்பிட்ட குரலும் இல்லை. "தாயி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. உங்க பொண்ணு நல்லாப் படிக்கட்டும். எங்களுக்கு அவசரம், நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார் முனியப்பன், சென்னகிருஷ்ணனைப் பார்த்து. அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் சென்னகிருஷ்ணன் முன்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். ராயக்கோட்டையில் பஸ் நின்றபோது தக்காளிக் கூடைகளை ஏற்றினார்கள். தபாலாபீஸ் பக்கம் பூவம்மாள் ஒரு தரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"நான் என்ன சொன்னேன் அங்க?"

"தையில கல்யாணம், படிப்பு போதும், சம்மதமான்னு கேட்டாங்க. ஆவட்டும்னு சொன்னீங்க."

"நானா?"

"நீங்கதான். மாடு பள்ளிக்கூடம் போவுதுன்னும் சொன்னீங்க."

பூவம்மாள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சம்பங்கி அவள் பக்கம் திரும்பினாள். "அத்தே, தப்பு என்மேலதான். பாயசம் போடுவாங்க, நீங்க சாப்பிடுவீங்கன்னு மருந்த ரெண்டு கோடு கூடப் போட்டுட்டேன். களியையும் கொறச்சேன். அங்க பேச்சு முடியாம கை நனைக்க முடியாதுங்கறது எனக்கு அப்பத் தோணவே இல்ல."

பஸ் மலைச்சரிவைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. பூவம்மாள் சேலைக் கறையை நகத்தால் சுரண்டினாள். அடிப்பாள் என்று நினைத்தாள் சம்பங்கி. அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள்.

"எனக்கும்தான் தோணல" என்றாள் பூவம்மாள் கடைசியில். "ஊசி என் தொடையில போட்டது. சத்தியம் பண்ணினது நானு. பட்டினியா உக்காந்தா என்னாவும்னு எனக்கில்ல தெரிஞ்சிருக்கணும்?" கொஞ்சம் பொறுத்து, "இனிமே உன் இஷ்டத்துக்குக் கோடு தள்ளாதே" என்றாள்.

"தள்ள மாட்டேன் அத்தே."

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பர்கூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சென்னகிருஷ்ணன் காப்பிக் கடைக்குப் போனார். போனவர் பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, உத்தனப்பள்ளியை விட்டபிறகு முதல் தடவையாக மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"உங்க அத்தைக்குச் சக்கர போடச் சொல்லவா, வேணாமா?"

சம்பங்கி மாமியாரின் கையைத் தொட்டாள். உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. நெற்றியைத் தொட்டாள். உத்தனப்பள்ளியில் சாப்பிட்ட சோறு இன்னும் வயிற்றில் இருக்கும். மறுபடியும் ஒரு தரம் யோசித்தாள்.

"வேணாம் மாமா."

"பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டா" என்றாள் பூவம்மாள்.

அவர் காப்பி வாங்கி வருவதற்குள் ராஜாத்தி வந்துவிட்டாள். இன்றைக்குப் போகிறார்கள் என்று தெரிந்து, ஹாஸ்டலில் கேட்டுக்கொண்டு வந்து, வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தபடி நின்றிருக்கிறாள். அம்மாவின் முகத்தையும் அண்ணியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாவின் சேலையில் இருந்த காப்பிக் கறையில் அவள் கண் நின்றது. அவள் நிறம் மாறியது.

"குடிச்சுட்டீங்களாம்மா?" என்றாள்.

சம்பங்கி வாயைத் திறந்தாள். பூவம்மாள் அவள் கையை அழுத்தினாள்.

"அது மருந்துக்குக் குடிச்சது. அண்ணி அப்புறம் சொல்லுவா." கசப்புக் காப்பித் தம்ளரைக் கணவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "அந்த எடம் இல்லன்னு ஆயிப்போச்சு கண்ணு. உனக்கு வருத்தம் இருக்கும், எனக்கும் இருக்குது. ஆனா நான் கை நனைக்கல. நீ போயிப் படி."

ராஜாத்தி போகவில்லை. அம்மாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். பூவம்மாள் ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, மீதியையும் குடித்தாள்.